கரமனை ஆற்றில் நீந்திய கோழி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது சொல்வது காதில் விழாவிட்டால், "கேட்கவில்லை" என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையை ஆட்டிவிடுவேன். ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர் ஏதோ கேட்க, நான் தலையாட்ட, நெடுமங்காட்டில் இறங்க வேண்டியவன் பொன்முடி மலைப்பாதையில் பாதி தூரம் போய்விட்டேன். இறங்கி, அங்கே எனக்கு முக்கியமான வேலை இருப்பதுபோல் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். (டீக்கடைக்காரரும் ஏதோ கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். சர்க்கரை போடாத டீ வந்தது. குடித்தேன்.)

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் தொழிலே சத்தம்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் திருவனந்தபுரத்துக்கு மைக் செட் வேலைக்கு வந்தவன் நான். இப்போது சொந்தமாகவே மைக் செட் வைத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மலையாளம் பேசுவேன், படிப்பது பஸ் போர்டு அளவுக்கு. என் ஆங்கிலம் ஆம்ப்ளிஃபயரின் முகத்தில் எழுதியிருக்கும் ஆங்கிலம்: ஆன், ஆஃப், வால்யூம், பாஸ், ட்ரெபிள், எக்கோ. இந்த ஆறு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மகளைப் படிக்கவைத்து ஆளாக்கியிருக்கிறேன். அதே ஆறு சொற்களால் அவள் கல்யாணத்தைக் கெடுக்கவும் பார்த்திருக்கிறேன். அந்தக் கதைதான் இது.

மகள் பெயர் கார்த்திகா. ஒரு மருத்துவ லேபில் ரிப்போர்ட் அடிக்கிற வேலை. அவளுக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இசக்கிராஜா, மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். போட்டோ இரண்டு பக்கமும் பிடித்துப்போய், புதன்கிழமை காலை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை அவருக்குத் திரும்பிப் போக விமானம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டிவியில் ஹர்த்தால் என்று அறிவித்தார்கள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. பஸ் கிடையாது, கார் எடுத்து வந்தால் வழியில் என்ன ஆகும் என்று தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா சண்முகத்தாய் போனில் புலம்பினார்.

"வெள்ளிக்கிழம பய ஏறிருவான் அண்ணாச்சி. இத விட்டா இன்னும் ரெண்டு வருசம். அதுவரைக்கும் யாரு பிள்ளைய யாரு காத்துக் கிடக்க?"

கார்த்திகாதான் வழி சொன்னாள். அவளிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம், பெரிய திரை, எல்லோரும் சேர்ந்து உட்காரலாம் என்றாள். அந்த அம்மாவும் சம்மதித்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் போனை வாங்கி ஒரு வார்த்தை சொன்னார்.

"மைக் செட்டுக்காரரு வீடு. சத்தத்துக்கு என்ன குறைச்சல். கணீர்னு கேக்கும்லா."

அந்த 'கணீர்' என் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் காலை சந்தே அமைதியாக இருந்தது. ஹர்த்தால் என்றால் எங்கள் கரமனை சந்தில் எல்லோரும் வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து வீட்டு சசி ஆட்டோவை மூடிவிட்டு, மதில்மேல் கைவைத்து எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். (எங்கள் வீட்டில் விசேஷம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. என் மனைவி பாக்கியம் கேசரி கிண்டிய வாசனை சொல்லிவிட்டது.)

பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். பன்னிரண்டுக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். பத்து மணிக்கே நான் வேட்டி கட்டிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கார்த்திகாவை உள்ளறைக்குள் அனுப்பித் திரைச்சீலையை இழுத்து மூடியாகிவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. மாப்பிள்ளையின் அம்மா வாய் திறந்து "பொண்ணக் கூப்பிடுங்க" என்று சொன்ன பிறகுதான் பெண் காபித் தட்டோடு வெளியே வர வேண்டும். அதற்கு முன்னால் தலை தெரிந்தாலே மரியாதைக் குறைவு. (வீடியோ காலில் காபியை யாரிடம் கொடுப்பது என்று நான் கேட்டேன். பாக்கியம் அதையும் யோசித்து வைத்திருந்தாள். ஐந்து தம்ளரையும் கம்ப்யூட்டர் முன்னால் வரிசையாக வைப்பதாம்.)

ஆக, வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் திரைக்குப் பின்னால். திரைக்கு முன்னால் நான்.

வால்யூம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திரையின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு பட்டை எழும்பி வரும். அதில் உள்ள புள்ளியை இழுத்தால் சத்தம் ஏறும், இறங்கும். மைக் செட் தொழிலில் ஒரு விதி உண்டு: எல்லாக் குமிழையும் பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டும். பிறகு மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். இல்லையென்றால் முதல் 'ஹலோ'விலேயே ஸ்பீக்கர் கிழியும். அந்த விதிப்படி பட்டையைத் திறந்து, புள்ளியைக் கவனமாகப் பூஜ்யத்துக்கு இறக்கி வைத்தேன். பட்டை மூடிக்கொண்டது.

அதன்பிறகு அது திறக்கவே இல்லை.

(பூஜ்யத்தில் இறக்கி வைத்தது நான்தான் என்பதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அது தானாக இறங்கியது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். பாக்கியத்துக்கு யாராவது இதைப் படித்துக் காட்டினால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது.)

ஸ்பீக்கர் படத்தை ஒருமுறை சொடுக்கினேன். இரண்டு முறை. பிறகு எண்ணவில்லை. மௌஸைத் திருப்பி அடிவயிற்றை வேட்டி முனையால் துடைத்தேன். ஊதினேன். மேசையில் மெல்லத் தட்டினேன். அம்பு போய்ப் படத்தின்மேல் நிற்கிறது, படம் கொஞ்சம் வெளுத்துக் காட்டுகிறது, பட்டை மட்டும் வரவில்லை.

"அப்பா, என்ன டக் டக்குன்னு சத்தம்?" திரைச்சீலைக்குள்ளிருந்து கார்த்திகா.

"ஒண்ணுமில்ல. வால்யூம் தொறக்க மாட்டேங்கு."

"மௌஸோட வலது பக்கத்த ஞெக்கி நோக்குங்க. ஒரு லிஸ்ட் வரும்." (அவசரம் வந்தால் அவளுக்குப் பாதி மலையாளமும் வந்துவிடும்.)

அமுக்கினேன். வந்தது. எல்லாம் ஆங்கிலம். அதில் எனக்குத் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒரு வரியின் நடுவில் என் ஆம்ப்ளிஃபயரின் 'வால்யூம்' நின்றது. ஊரில் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் இருந்தது. அமுக்கினேன். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றி முடித்துவிட்டு அதுவும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது.

"சாரமில்லப்பா, போகட்டும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாவும்."

இது எனக்குத் தெரிந்த வைத்தியம். பட்டனை அமுக்கினேன், இருட்டானது. மறுபடி அமுக்கினேன், வெளிச்சம் வந்தது. "போட்டாச்சு," என்றேன்.

"இவ்வளவு வேகமாவா?"

"போட்டாச்சுன்னு சொல்லுதம்லா."

நான் அணைத்துப் போட்டது திரையை மட்டும்தான் என்பதும், கம்ப்யூட்டர் என்பது மேசைக்கு அடியில் பாக்கியம் காலை முட்டிக்கொள்ளும் அந்தக் கறுப்புப் பெட்டி என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுநாள் வரை அந்தப் பெட்டியைக் கரண்ட் ஏற்ற இறக்கத்துக்கு வைக்கிற ஸ்டெபிலைசர் என்றே நினைத்திருந்தேன்.

"அப்பா, நான் ஒரு மினிட் வரட்டா? பாத்துட்டுப் போயிருதேன்."

"பொண்ணு வெளிய வரக்கூடாதுட்டி," என்றாள் பாக்கியம்.

"அப்ப என் போன்ல பேசலாம்பா."

"மைக் செட்டுக்காரன் வீட்டுல சத்தம் வரலன்னு போன்ல பேசுனா, எனக்கு அப்புறம் எவன் வேலை குடுப்பான்?" என்றேன். என் போனைக்கூட அணைத்துப் பரணில் போட்டிருந்தேன், நடுவில் யாராவது கூப்பிட்டு மரியாதையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று.

மணி பத்தரை. இந்த இடத்தில்தான் என் தொழில்புத்தி வேலை செய்தது. சத்தம் வரவில்லையென்றால் ஆம்ப்ளிஃபயரைப் போடு. முப்பது வருடமாக எனக்குத் தெரிந்தது இதுதான்.

ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டும் ஒரு கோயில் பந்தலில் மாட்டிக் கிடந்தன. ஹர்த்தாலில் கொண்டுவர முடியாது. வீட்டில் இருந்தது குழாய் ஸ்பீக்கர் இரண்டு. மலையாளத்தில் கோளாம்பி என்பார்கள். திருவிழாவில் தென்னைமரத்தில் கட்டினால் ஒரு மைல் கேட்கும். அதைப் பத்தடி அறைக்குள் வைத்தால் காது போய்விடும் என்கிற அறிவு எனக்கு இருந்தது. ஆகவே, ரொம்ப புத்திசாலித்தனமாக, இரண்டையும் வெளியே மதில்மேல் வைத்து, வாயைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டேன். அதன் முதுகு வழியாக வீட்டுக்குள் இதமாகக் கேட்கும் என்பது என் கணக்கு.

"எந்தரண்ணா, கல்யாணம் இன்னிக்கேயா?" என்றான் சசி, குழாயைப் பார்த்து.

நான் தலையாட்டினேன்.

கம்ப்யூட்டரின் பின்னால் பச்சை ஓட்டையில் வயரைச் சொருகி ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தேன். வால்யூமை மூன்றில் வைத்தேன். ஒன்றுமில்லை. ஐந்து. ஒன்றுமில்லை. வயரைப் பிடுங்கி முனையில் விரலை வைத்துப் பார்த்தேன். வெளியே குழாய் இரண்டும் "புர்ர்ர்" என்றன. ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறது. மறுபடி சொருகிக் குமிழைக் கடைசிவரை திருப்பினேன். ஒன்றுமில்லை. அப்போதுதான் திரையில் அழைப்பு வந்தது. அவசரத்தில் பாக்கியம் வந்து பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டாள். குமிழ் பத்தில் நின்றது. பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்ற விதியை, அதை உடைக்கவே கூடாத இடத்தில் மறந்தேன்.

திரையில் அவர்கள் வந்தார்கள். நடுவில் சண்முகத்தாய், ஒரு பக்கம் மீசை வைத்த தாய்மாமன், இன்னொரு பக்கம் இசக்கிராஜா. மூவரும் கும்பிட்டார்கள். நான் கும்பிட்டேன். அவர்கள் வாய் அசைந்தது. நான் தலையாட்டினேன்.

நியாயமாக அங்கேயே, "சத்தம் வரலைங்க," என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு எழுத்துத் தெரிந்த யாரும் அதைத்தான் செய்வார்கள். எனக்கு அந்த 'கணீர்' நினைவுக்கு வந்தது. வாய் வரவில்லை.

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தலையாட்டினேன். நலம் விசாரிக்கிறார்கள் போலும் என்று சிரித்தேன். குடும்ப விஷயம் பேசுகிறார்கள் போலும் என்று முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டேன். நடுநடுவே, "அதுக்கென்ன," "நல்லது," "எல்லாம் நீங்க பாத்து," என்று மூன்று வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டேன். அந்த அம்மா கதவுப் பக்கம் கையைக் காட்டினார். வீட்டைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, "வாடகை வீடுதான்," என்றேன். பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். கம்மலைப் பற்றிக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு, "அதெல்லாம் உண்டு," என்றேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவதைப் பார்த்தேன். எனக்குள் ஏதோ கெட்டுப்போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. இன்னும் பலமாகத் தலையாட்டினேன்.

"ஏங்க, பொண்ணக் கூப்பிடச் சொன்னாவளா?" பாக்கியம் என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தாள்.

"இன்னும் சொல்லல."

"சத்தமே வரலியே, எப்படித் தெரியும்?"

"மெல்லப் பேசு. அவங்களுக்குக் கேட்டிரும்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எங்கள் மைக் நன்றாகவே வேலை செய்தது. நாங்கள் முணுமுணுத்ததெல்லாம் தென்காசியில் கணீரென்று கேட்டிருக்கிறது. அதன்பிறகு திரையில் மீசைக்காரரின் முகம் மாறியது. அவர் குனிந்து, ரொம்பப் பணிவாக என்னிடம் ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மீசைக்காரர் இன்னொன்று கேட்டார். அதற்கும் ஆட்டினேன். இந்தத் தடவை அந்த அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பந்தம் கைகூடுகிறது, ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன்.

பதினொன்றே முக்கால். திரைச்சீலை விலகியது.

கார்த்திகா வெளியே வந்துவிட்டாள். பாதிப் பின்னலில் பூ, மீதி தொங்கல். ஒரு காதில் ஜிமிக்கி, ஒரு காது மொட்டை. பாக்கியம், "ஏட்டி," என்று கையைப் பிடித்தாள். அவள் உதறினாள்.

"இன்னும் கால் மணி நேரம் போனா ராகுகாலம். தள்ளுங்கப்பா."

பெண் பார்க்க வந்தவர்களை அவள் பார்க்கவே இல்லை. திரையின் மூலையைப் பார்த்தாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். அந்தப் பக்கம் அவர்களுக்கு முழுத் திரையும் அவள் முகம்தான். மூன்று பட்டனை ஒரே சமயத்தில் அமுக்கினாள். ஒரு பட்டியல் வந்தது. அதில் எதையோ தொட்டாள். திரையின் அடியில் இருந்த வரிசை மொத்தமும் மறைந்து, மூச்சு நின்று வந்ததுபோல் திரும்பி வந்தது. ஸ்பீக்கர் படத்தைத் தொட்டாள். பட்டை எழுந்தது. நான் அரை நாளாகக் கும்பிட்டும் வராதது.

"பூஜ்யத்துல கிடக்கு," என்றாள். ஒரே இழுப்பில் நூறுக்குக் கொண்டுபோனாள்.

ஆம்ப்ளிஃபயர் பத்தில் இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. வழக்கம்போல் வாய் வரவில்லை.

ஹர்த்தால் நாளின் அமைதியில், கரமனை முழுவதும் ஒரு பெண்குரல் இடித்தது:

"...நாக்கக் கடிச்சுக்கிட்டு நிக்கா பாரு. இது என்ன பொண்ணா, மெக்கானிக்கா?"

தொடர்ந்து மீசைக்காரரின் சிரிப்பு. தென்னைமரத்தில் இருந்த காக்காய் எல்லாம் கிளம்பிவிட்டன. அதன்மேல் இன்னொரு குரல், கொஞ்சம் கோபமாக:

"அம்மா, சும்மா இரு. மாமா, போதும், விடுங்க. அந்த மனுசன் ஒண்ணும் கேக்காம நமக்காக இவ்வளவு நேரமா சிரிச்சிட்டு இருக்காரு. பாவம்லா. எனக்கு இந்தப் பிள்ளையப் பிடிச்சிருக்கு."

குழாயில் போன சத்தம் எங்கள் மைக்கில் புகுந்து அவர்களுக்கே திரும்பிப் போயிருக்கிறது. சண்முகத்தாய் தன் குரலைத் தானே கேட்டுத் திகைத்தார். பிறகு குழாய் இரண்டும் ஊளையிடத் தொடங்கின. வெளியே சந்தில் யாரோ கைதட்டினார்கள். சசி மதிலுக்கு அப்பாலிருந்து, "பையன் கொள்ளாம் அண்ணா, சம்மதிச்சோளூ," என்று கத்தினான். (நல்ல பையன், சம்மதித்துவிடுங்கள் என்று அர்த்தம்.)

நான் பாய்ந்து வால்யூம் குமிழைத் திருப்பினேன். அது கழன்று கையோடு வந்துவிட்டது. நான் அந்தக் குமிழைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் பார்த்தேன். பிறகு ஓடிப்போய் வீட்டு மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டேன்.

எல்லாம் நின்றது. திரை கறுத்தது. ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டாரை அணைத்துவிட்டேன். காபித் தட்டு அடுப்படியிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

கார்த்திகா மிச்சப் பூவைத் தலையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பூவைப் பார்த்தபோதுதான் எனக்குச் சாக வேண்டும்போல் இருந்தது. அன்றைக்கு நான் போனைப் பரணிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால், "வேண்டாம்" என்று சொல்வார்கள். அதுமட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டுவிடும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் அழுக்கு இல்லை. சந்து முனையில் ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா, இந்த மைக் செட்டுக்காரரு வீடு எது?"

சசியின் மனைவி லதாவிடம்தான் கேட்டிருக்கிறார். பதிலுக்கு லதா உள்ளே திரும்பிக் கூவினாள்: "சேட்டா, இன்னலத்தெ கோளாம்பி வந்நு." (நேற்றைய குழாய் வந்துவிட்டது என்று அர்த்தம்.) ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை முளைத்தது. அந்தக் குரலை அடையாளம் தெரியாதவர்கள் எங்கள் சந்தில் யாரும் இல்லை.

சண்முகத்தாயும் இசக்கிராஜாவும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள். நான் குழாயோடு முன்னால் வந்து நின்றேன். கும்பிடக் கை இல்லை.

"அண்ணாச்சி, நீங்க ஏன் தலையக் குனியுதிய? தெருவுல தலை நிமிந்து நடக்க முடியாம வந்திருக்கது நான்லா," என்றார் அந்த அம்மா. "நாலு வாட்டி பொண்ணக் கூப்பிடுங்கன்னு கேட்டேன். நீங்க ஆட்டுனீய, கூப்பிடல. காட்ட மனசில்லன்னு நெனச்சேன். பொறவுதான் உங்க வீட்டம்மா பேசுனது கேட்டுச்சு."

"மாமா கொஞ்சம் வெளையாடிட்டாரு," என்றார் இசக்கிராஜா, தரையைப் பார்த்து.

"என்ன கேட்டாரு?" என்றாள் பாக்கியம்.

"கரமனை ஆத்துல கோழி நீந்துமாமே, நெசமான்னு கேட்டாரு."

"இவரு?"

"ஆமான்னாரு."

"வேற?"

இசக்கிராஜா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தார்.

"உங்களுக்கு ரெண்டு பொண்டாட்டியான்னு கேட்டாரு அத்தே."

பாக்கியம் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலேயே, "அதுக்கும் ஆட்டியிருப்பாரு," என்றாள்.

"ரெண்டு தடவை," என்றார் மாப்பிள்ளை.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கே கார்த்திகா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் அதுவரை மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. அப்போதும் கேட்க வரவில்லை.

"உனக்குச் சம்மதமாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிச்சப்ப அவரு மட்டும் 'பாவம்'ன்னாருல்லப்பா. நமக்குக் கேக்காதுன்னு நெனச்சு சொன்னது அது." தம்ளரைத் தட்டில் வைத்தாள். "பின்னே, குழாயில குரலும் நல்லாத்தான் இருந்தது."

எனக்கு அழுகை வந்தது. தொழில்காரன் என்ற முறையில், குரல் உண்மையில் நன்றாக இருந்ததை நானும் ஒப்புக்கொண்டேன்.

அதே காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு, இந்த முறை கூப்பிட்ட பிறகு, அவள் வெளியே போனாள். சண்முகத்தாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கல்யாணத்துக்கு மைக் செட் வேறு ஆளுடையதாக இருக்க வேண்டும். இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கல்யாணத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஆளின் குழாய் மூன்று முறை ஊளையிட்டது. எழுந்து போகாமல் இருக்க என் கையை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இருவரும் மஸ்கட்டில். நான் வேலை முடிந்து தாமதமாக வந்தால் பாக்கியம், "மூத்தவ வீட்டுலயே சாப்பிட்டிருக்கலாம்லா," என்பாள். சண்முகத்தாய் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சசி வாசலில் நின்று காதைப் பொத்திக் காட்டுவான். அந்த அம்மாவும் பதிலுக்கு வாயைப் பொத்திக் காட்டுவார்.

வெள்ளிக்கிழமை தோறும் அதே கம்ப்யூட்டரில் வீடியோ கால் வரும். வணக்கத்துக்கு முன்னால் மாப்பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, "மாமா, கரமனை ஆத்துல கோழி நீந்துமா?" நான் வாயைத் திறந்து, "நீந்தாது," என்று சொல்ல வேண்டும். சொன்னால் சத்தம் சரி, பேச்சு தொடங்கும். தலையாட்டினால் சத்தம் வரவில்லை என்று அர்த்தம். கார்த்திகா அங்கிருந்தே கையால் காட்டிக் காட்டி வால்யூமைச் சரிசெய்ய வைப்பாள்.

போன வெள்ளிக்கிழமையும் கேட்டார். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அவர் மடியில் இரண்டு வயதுப் பேத்தி, என் தலை அசைவதற்காகவே கண்ணை விரித்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் தலையாட்டினேன். அவள் சிரித்த சிரிப்பு கணீரென்று வந்தது.